அவன் பெயரில் ஒரு கப்பல்

சவரம் செய்ய நின்றவன் இடப்பக்கமாகச் சாய்ந்து நின்றான். பெரிய சாய்வு ஒன்றுமில்லை. ஆணி தளர்ந்த படம் சுவரில் ஒரு பக்கம் இறங்கித் தொங்குமே, அவ்வளவுதான். கண்ணாடிதான் கோணல் என்று சொல்லி, அதைத் தன் தலைக்குத் தக்கபடி திருப்பி மாட்டிவிட்டு, கன்னத்து நுரையை வழித்துக்கொண்டிருந்தான். வாசலில் நின்று பார்த்த மனைவிக்குச் சிரிப்பு வந்தது. காலங்கார்த்தாலேயே ஊற்றிக்கொண்டாயிற்றா என்று கேட்டாள். அவன் விழித்தான். தான் நேராகத்தான் நிற்பதாகவும் வீடுதான் சாய்ந்திருப்பதாகவும் சொன்னான். விளையாட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

மூன்று நாள் அப்படியே இருந்தான். நாற்காலியில் உட்கார்ந்தாலும் அதே சாய்வு. நடந்தால் இடது தோள் சுவரை உரசிக்கொண்டே வரும். நான்காம் நாள் எழுந்தபோது சரியாகிவிட்டான். அவளும் அதை மறந்துபோனாள். மறந்துபோகிற அளவுக்கு அந்த வீட்டில் வேறு கவலை இருந்தது. ஊர் உலகத்தைப் பொறுத்தவரை அவன் செத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

அவன் கடற்படையில் கொதிகலன் அறை ஆள். போர் தொடங்கிய இரண்டாம் வருடம் அவனுடைய கப்பல் குண்டுபட்டு எரிந்தது. கரைக்குக் கொண்டுவந்த உடல்களில் ஒன்று, நீராவி வால்வைக் கடைசிவரை விடாமல் பிடித்தபடி கருகியிருந்தது. அந்த ஒருவன் பிடித்துக்கொண்டு நின்றதால் முப்பது பேர் ஏணியேறித் தப்பினார்கள். முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மேற்சட்டையின் கழுத்துப் பட்டையில் மட்டும் அழியாத மையில் பெயர் இருந்தது. அதைக் காட்டி, உங்கள் கணவருடையதா என்று கேட்டார்கள். அவள் ஆமாம் என்றாள். பொய்யில்லை, சட்டை அவனுடையதுதான். காய்ச்சலில் நடுங்கிய எவனுக்கோ அதை இரவல் கொடுத்துவிட்டு, முதல் குண்டிலேயே கடலில் தூக்கியெறியப்பட்டவன் சட்டையின் சொந்தக்காரன். வால்வைப் பிடித்தவன் யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அந்தக் கடற்படையில் சிறிய போர்க்கப்பல்களுக்கு வீரமரணம் அடைந்தவர்களின் பெயரை வைப்பது வழக்கம். செத்தவன் பெயர்தான் வைக்கலாம், உயிரோடிருப்பவன் பெயர் ஆகாது. செத்தவனின் மனைவியோ தாயோ வந்து, முகப்பில் பாட்டிலை உடைத்து, கப்பலைத் தண்ணீரில் இறக்க வேண்டும். இவளும் போனாள். முதல் அடியில் பாட்டில் உடையவில்லை. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாம் முறை ஓங்கி அடித்தாள். “இவர் பெயரை உனக்குக் கொடுக்கிறேன், போ” என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். கப்பல் வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியது.

அடுத்த ஐந்தாம் மாதம், ஒரு மத்தியானம், பின்வாசல் வழியாக அவன் வந்து நின்றான். தாடி, நொண்டல், மீன் வாடை. உடைந்த காலோடு எங்கோ ஒரு மீனவக் குடிசையில் கிடந்திருக்கிறான். சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு, நாளைக்குக் கடற்படை அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றான். அவள் கதவைத் தாழிட்டு அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

“உயிரோட இருக்கீங்கன்னு தெரிஞ்சா கால் ஆறினதும் திரும்ப ஏத்திடுவாங்க. செத்தவரை யாரும் கூப்பிட மாட்டாங்க. சண்டை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்.”

அவன் ஒளிந்து வாழ்கிற ரகம் இல்லை. ஆனால் கால் வலித்தது, மெத்தை மெத்தென்று இருந்தது, அவள் அழுதாள். சரி என்றான். அவன் வீட்டில் இருக்க வேண்டும், உயிரோடு இருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பின்னறை ஜன்னலுக்குக் காகிதம் ஒட்டினாள். பக்கத்து வீட்டு அக்கா ஆறுதல் சொல்ல வரும்போதெல்லாம் முன்னறையில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கினாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் தன்னைப் பற்றிய புகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பான். அக்கா போனதும் அதே குரலில் பேசிக் காட்டுவான். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சில மாதங்கள் நன்றாகத்தான் இருந்தன, சொல்ல வேண்டும்.

சாய்வு நேரான இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. கப்பலை இறக்கியவளுக்குக் கப்பல்தலைவன் மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பதும் அவர்கள் வழக்கம். ஊர்ப் பெயர்களின் மேல் தணிக்கைக்காரன் கறுப்பு மை பூசியிருப்பான், மீதியைப் படிக்கலாம். நல்ல மனிதன் அந்தத் தலைவன், நகைச்சுவையாக எழுதுவான். கப்பலை “அவர்” என்றுதான் எழுதுவான். ‘சென்ற பதினெட்டாம் தேதி புயலில் சரக்கு புரண்டு, நம்மவர் இடப்பக்கம் சாய்ந்துவிட்டார். மூன்று நாள் அப்படியே நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம். நான்காம் நாள் நிமிர்த்திவிட்டோம். உங்கள் கணவரும் இப்படித்தான் பிடிவாதக்காரரா?’

அவள் நாட்காட்டியைப் பார்த்தாள். விரலை வைத்து மறுபடி பார்த்தாள்.

பழைய கடிதங்களை எடுத்தாள். பாறையில் அடிப்பாகம் உரசியதாக எழுதியிருந்த நாளில், அவன் உள்ளங்கால் இரண்டும் வெடித்து ரத்தம் கசிந்தது. புதுச் சாயம் அடித்த வாரத்தில், எத்தனை முறை தேய்த்துக் குளித்தாலும் அவன் தலையில் சாய வாடை போகவில்லை. பாசி பிடித்திருந்ததைச் சுரண்டினோம் என்ற வாரம், முதுகு முழுக்க அரிப்பு என்று அவளைச் சொறியச் சொல்லிப் படாத பாடு படுத்தினான். எல்லாக் கடிதங்களையும் மாவு டப்பாவுக்குள் புதைத்து மூடினாள். அவனிடம் மூச்சுவிடவில்லை.

அன்று மத்தியானம் அவன் சாப்பிட்டுப் படுத்திருந்தான். வெயில் காகிதத்தைத் தாண்டி மஞ்சளாக வந்து அவன் மார்பில் விழுந்திருந்தது. பக்கத்தில் சாய்ந்து, தூங்குகிறவனை எழுப்பாமல், மெல்ல அவன் மார்பில் காதை வைத்தாள். துடிப்பு கேட்டது. ஆனால் அது அவளுக்குப் பழக்கமான துடிப்பு இல்லை. ஒரே சீராக, களைப்பே அறியாமல், அடியில் எங்கோ கனமான ஏதோ ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே நீர் சலசலத்தது. இன்னும் அழுத்தி வைத்தாள். இரும்புப் படியில் யாரோ இறங்கினார்கள். தட்டுகள் மோதின. ஓர் ஆள் ஏதோ சொல்ல, நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

காதை எடுத்தாள். பின்னறையில் ஈ பறக்கிற சத்தம் மட்டும்தான் இருந்தது. அவன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

அதற்குப் பிறகு அவள் தினமும் கேட்டாள். பயந்துகொண்டேதான், ஆனாலும் கேட்டாள். ஒருவன் சதா தும்முவான். ஒருவன் வேலை நேரத்தில் பாடுவான், மற்றவர்கள் திட்டுவார்கள். இன்னொருவன் இளையவன், குரல் இன்னும் உடைந்துகொண்டிருந்தது. அவன் கொதிகலன் பக்கத்தில் வேலை செய்கிறான் என்பதுவரை அவளுக்குத் தெரிந்துவிட்டது. எல்லாரும் நல்லபடியாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். அவர்கள் நன்றாக இருந்தால் இவனும் நன்றாக இருப்பான்.

அது நடந்த நாள் துணி துவைக்கிற நாள். மணி மூன்று இருக்கும். அவன் அறுந்துபோன அவள் செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். திடீரென்று ஊசியை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினான்.

“யாரோ ஓடறாங்க,” என்றான்.

தெருவில் யாரும் ஓடவில்லை.

அடுத்த நொடி வலப்பக்கமாக யாரோ எட்டி உதைத்ததுபோல் நாற்காலியோடு சரிந்தான். சத்தம் எதுவும் வரவில்லை. விலாவில் சட்டை பழுப்பாகியது. கறுத்தது. சுருங்கியது. தொட்டாள். உள்ளங்கைத் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்தது. எண்ணெய் எரிகிற வாடை அறையை நிறைத்தது. அவன் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையைக் காற்றில் நீட்டி, கனமான எதையோ தள்ளிப் பிடித்திருப்பவன்போல விரல்களை விரித்துவைத்திருந்தான்.

“கதவு,” என்றான். “கதவு என் கையில இருக்கு. உள்ள தீ. மூடுங்கன்னு கத்தறாங்க. உள்ள ஆளுங்க இருக்காங்க.”

அவள் அவன் மார்பில் காதை வைத்தாள். வைத்திருக்கக் கூடாது. இரும்பை அடிக்கிறார்கள். வெறும் கையால். பாடுகிறவனின் குரல். தும்முகிறவனின் குரல். அம்மா என்று அந்த இளையவன். ஏணியில் ஒருவர்மேல் ஒருவர். இன்னும் கொஞ்ச நேரம் என்று யாரோ கெஞ்சுகிறான்.

“வந்துட்டிருக்காங்க,” என்றான் கணவன். “நான் பிடிச்சிருந்தா ஏறிடுவாங்க. ஆனா தீ இந்தப் பக்கம் வருது. பிடிக்கவா, மூடவா?”

விலாவில் புகை எழும்பியது. அவன் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

“மூடுங்க,” என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான்.

“மூடுங்கன்னு சொல்றேன்ல.”

அவன் விரல்களை மடக்கினான். மெதுவாக. முஷ்டியாக.

சத்தம் உடனே நிற்கவில்லை. அவள் காதை எடுத்துவிட்டாள், அதனால் எவ்வளவு நேரம் என்று தெரியாது. சாயங்காலம் விலா ஆறத் தொடங்கியது. விளக்கேற்றும் நேரத்துக்கு அவன் தண்ணீர் கேட்டான்.

கடிதம் தடிமனாக வந்தது. ‘வளைந்துபோய் இருபது பேர் தள்ளியும் அசையாத கதவு, அம்மா, தானாகச் சாத்திக்கொண்டது. இல்லையென்றால் வெடிமருந்து அறைக்குத் தீ போயிருக்கும், இன்று இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். உங்கள் கணவரின் பெயர் எங்களைக் காப்பாற்றியது என்று ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள். உள்ளே இருந்த இருபத்துமூன்று பேரின் வீட்டு முகவரிகளை இணைத்திருக்கிறேன். கப்பலின் உறவு என்ற முறையில் அந்தத் தாய்மார்களுக்கு நீங்கள் இரண்டு வரி எழுதினால் ஆறுதலாக இருக்கும். வலி தெரியாமல், நொடியில் போய்விட்டார்கள் என்று எழுதுங்கள்.’

எழுதினாள். இருபத்துமூன்று கடிதம், கட்டுப்போட்ட கையால். நொடியில் போய்விட்டார்கள் என்ற வரியை இருபத்துமூன்று தடவை எழுதினாள். பின்னறையிலிருந்து அவன், அந்த ஆட்களுக்கு என்ன ஆயிற்றென்று ஏதாவது தெரியுமா என்று கேட்டான். எந்த ஆட்கள், கனவு ஏதாவது கண்டீர்களா என்று கேட்டுவிட்டு உறையை ஒட்டினாள். அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு அவன் அதிகம் பேசுவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா வந்து புகழ்ந்தாலும் பேசிக் காட்டுவதில்லை.

போர் ஒரு வழியாக முடிந்தது. தெருவில் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள். இனி என்ன, நாளைக்கே அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிடலாம் என்று அவன் எழுந்தான். நாலு நாள் பொறுங்கள், கூட்டம் குறையட்டும் என்றாள். அந்த நாலு நாளில் அவன் காது கேட்பது நின்றது.

முதலில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று எண்ணெய் விட்டாள். எண்ணெய் உள்ளே இறங்கவில்லை, வழிந்தது. விளக்கை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். காதுத் துளை இருந்த இடத்தில் துளை இல்லை. சாம்பல் நிறத்தில், வழவழப்பாக, தோல் படர்ந்து மூடியிருந்தது. மார்பில் காதை வைத்தாள். உள்ளே ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மூட்டையைத் தூக்கித் தோளில் போடுகிறார்கள், படியேறுகிறார்கள், பலகையில் நடக்கிறார்கள், இறங்கிவிடுகிறார்கள். ஒவ்வொருவராக. கனமாகச் சுற்றிக்கொண்டிருந்தது மெதுவாகி, நின்றது. எத்தனை நாளாகப் பழகிய சத்தம்! நின்றதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை ஒரு மூக்குத் துவாரம் அடைபட்டிருந்தது. அவன் வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு கண்ணாடியின் முன் நின்றான். இமைகளின் ஓரத்தில் சாம்பல் நிறம் ஏறியிருந்தது. அவளை நோக்கித் திரும்பி, வாயைப் பெரிதாகத் திறந்து, செவிடர்கள் பேசுவதுபோல் உரக்கக் கேட்டான்.

“என்னடி நடக்குது எனக்கு?”

அவள் கையை ஆட்டி, இருங்கள், வந்துவிடுகிறேன் என்று சைகை காட்டினாள். வாயை மூடிவிடாதீர்கள் என்று இரண்டு விரலால் உதட்டை விரித்துக் காட்டினாள். அவன் தலையாட்டினான். கதவைப் பூட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினாள்.

கப்பல்களுக்குப் பெயர் வைக்கும் பிரிவின் அதிகாரி வயதானவர், அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். மேசையில் சிறு சிறு அட்டைகளாகச் செத்தவர்களின் பெயர்கள் அடுக்கியிருந்தன. அவருக்குப் பின்னாலிருந்த ஜன்னலில் கப்பல் தெரிந்தது. புகைபோக்கிக்கு மூடி போட்டிருந்தார்கள். பீரங்கி வாய்களை அடைத்திருந்தார்கள். ஜன்னல், காற்றுத்துளை, படிவழி எல்லாவற்றின்மேலும் தகடு வைத்து, அதற்குமேல் ஆட்கள் குழாயால் சாம்பல் நிறத்தில் ஏதோ பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அது காய்ந்து தோல்போல் இறுகியது.

காற்றும் ஈரமும் புகாது, ஐம்பது வருடமானாலும் இன்று இருப்பதுபோலவே இருக்கும் என்று அதிகாரி பெருமையாகச் சொன்னார்.

பெயரை எடுத்துவிடுங்கள் என்றாள். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவள் குடிக்கவில்லை. அவர் பெயர் அந்தக் கப்பலுக்கு உரியதில்லை, நடந்தது வேறு, நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், பெயரை மட்டும் இப்போதே எடுத்துவிடுங்கள் என்றாள்.

அதிகாரி கோபப்படவில்லை. அவள் தோளைத் தொட்டு ஜன்னலின் அடுத்த பக்கத்தைக் காட்டினார். அங்கே அதே அளவில் இன்னொரு கப்பல் கிடந்தது. முகப்பில் பெயர் இருந்த இடம் சுரண்டப்பட்டிருந்தது. ஆட்கள் தீக்குழாயால் அதன் விலாவை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

“பழைய கப்பலை எல்லாம் உடைச்சிடணும்னுதான் உத்தரவு, அம்மா. உங்க வீட்டுக்காரர் பேர் இருக்கறதாலதான் இதை விட்டு வச்சிருக்கோம். பேர் போச்சுன்னா நாளைக்குக் காலைல இதையும் அறுத்துடுவாங்க. இப்ப சொல்லுங்க, ஏதோ சொல்ல வந்தீங்களே.”

அறுத்த துண்டு ஒன்று கயிற்றில் தொங்கியது. வெட்டுவாய் இன்னும் சிவப்பாக இருந்தது. கயிற்றை விட்டார்கள். தரை அதிர்ந்தது.

அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, மூடிய கப்பலைப் பார்த்தாள். முன்பக்கத்தில் ஒரே ஒரு சின்ன வழி மட்டும் திறந்திருந்தது. வேலையாள் ஒருவன் உள்ளே தலையை விட்டு, யாராவது இருக்கிறீர்களா என்று பேருக்குக் கேட்டுவிட்டு, தகட்டைக் கையில் எடுத்தான்.

“வச்சிருங்க,” என்றாள்.

“நல்லது,” என்றார் அதிகாரி.

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று தெரியாது. பின்னறையில் அவன் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தான். இமைகள் மூடி ஒட்டியிருந்தன. மூக்கு வெறும் மேடு. வாய் இருந்த இடத்தில் ஒரு கோடு, அதுவும் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு விரலால் உதட்டை விரித்துப் பிடித்தபடியே கைகள் முகத்தில் உறைந்திருந்தன. விரல்களின்மேலும் படர்ந்திருந்தது.

தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தான்.

மார்பில் காதை வைத்தாள். ஒன்றுமில்லை. காலி வீடு. மண்டியிட்டு வயிற்றில் வைத்தாள். ஒன்றுமில்லை. கழுத்தில் வைத்தாள்.

நடக்கிறார்கள்.

ஒரே ஓர் ஆள். ஒரு கால் இழுத்து, ஒரு கால் ஊன்றி. இருட்டில் தடவிக்கொண்டு போகிறவனின் நடை. ஒரு கதவைத் தட்டியது. நின்றது. அடுத்த கதவைத் தட்டியது.

கத்தரிக்கோலைக் கொண்டுவந்து அவன் உதட்டுக் கோட்டில் நுனியை வைத்து அழுத்தினாள். சாம்பல் தோல் சீவிக்கொண்டு வந்தது. அதற்குக் கீழே சதை இல்லை. இரும்பு. கத்தரிக்கோல் பட்டு டங்கென்றது.

உள்ளே நடை நின்றது.

மறுபடி தட்டினாள். அவன் ஓடி வந்தான். நொண்டிக்கொண்டு, விழுந்து, எழுந்து, படியேறி, உதட்டுக்குப் பின்னால் வந்து நின்று, இரண்டு கையாலும் அடித்தான். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். திற என்றான். கத்தரிக்கோல் வளைந்தது. அவள் நகத்தால் பிறாண்டினாள்.

பிறகு அவன் அடிப்பதை நிறுத்தினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையோ கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவளும் கேட்டாள். அவனுக்குக் கீழே, வெகு ஆழத்தில், சாத்தியிருந்த கனமான கதவு ஒன்று கீறிக்கொண்டு திறந்தது. ஒருவன் தும்மினான். இரும்புப் படியில், அவசரமே இல்லாமல், நிறையக் கால்கள் ஏறி வரத் தொடங்கின.